“நீங்களே செய்யப் போறீங்களா மேடம்?” பிளைவுட் கடையில் இப்படிக் கேட்டால் உஷார்

சமையலறை அலமாரியோ டிவி யூனிட்டோ, ஆசாரி வைக்காமல் நாமே செய்து பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பிளைவுட் வாங்கப் போவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். தண்ணீர் தாங்கும் மரைன் பிளை, 710 தரம், 18 எம்எம் தடிமன் என்று சொல்லி மூன்று ஷீட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒரு கடையில் என் தலையில் கட்டியது எதற்கும் உதவாத சரக்கு. கடை சென்னையில்தான், போர்டு பெரிசு, எப்போதும் கூட்டம் இருக்கும். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை, தயவுசெய்து இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள்.

எங்கள் ஃபிளாட்டில் பில்டர் போட்டுக் கொடுத்த சிங்க் அடி அலமாரி மரத்தூள் பலகையில் செய்தது. தண்ணீர் பட்டுப் பட்டு ஊறி, ஒருநாள் கதவு கீலோடு கையில் வந்துவிட்டது. மாடுலர் கிச்சன்காரர்கள் சொன்ன எஸ்டிமேட்டைக் கேட்டதும், ஒரு ட்ரில்லிங் மெஷின் வாங்கி நானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பெயின்ட், வால்பேப்பர் எல்லாம் ஏற்கெனவே நானே செய்தவைதான், அதில் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை, பொறுமை இருந்தால் போதும். மரவேலை மட்டும்தான் புதுசு. அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் நன்றாகவே விசாரித்துக்கொண்டுதான் போனேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளைவுட்டுக்கான இந்தியத் தர நம்பர்களில் (ஐஎஸ்) நம் வீட்டுக்கு வேண்டியது இரண்டுதான். ஐஎஸ் 303ல் வரும் எம்ஆர் ரகம், இது ஓரளவு ஈரப்பதம் தாங்கும், பெட்ரூம் அலமாரிக்கு போதும், பெரும்பாலும் யூரியா பசையில் ஒட்டியது. ஐஎஸ் 710 என்பது மரைன், பினால் பசையில் ஒட்டியது, 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. சிங்க் அடியில் இதைத்தான் போட வேண்டும். விலை வித்தியாசமும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கும், அதனால்தான் எம்ஆர் சரக்கில் 710 முத்திரை குத்தி விற்கிற வியாபாரம் இவ்வளவு செழிப்பாக நடக்கிறது.

கடையில் நான் கேட்டதும் மேசை மேல் ஒரு சாம்பிள் துண்டு எடுத்து வைத்தார்கள். கனமான துண்டு, வெட்டின ஓரத்தில் அடுக்குக்கு நடுவே கருஞ்சிவப்புக் கோடு கோடாகப் பசை தெரிந்தது. பினால் பசை அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும், சரி, நல்ல கடைதான் என்று நினைத்தேன். சதுர அடி 112 ரூபாய், எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 3,584. அளவெல்லாம் போட்டு நான் வரைந்து கொண்டுபோன கட்டிங் லிஸ்ட்டை நீட்டினேன். கல்லாவில் இருந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆசாரி யாரு மேடம்?” என்றார். யாரும் இல்லை என்றேன். “நீங்களே செய்யப் போறீங்களா மேடம்? சூப்பர் சூப்பர்” என்றார். ரொம்ப சந்தோஷமாகத்தான் சொன்னார், எதற்கு அவ்வளவு சந்தோஷம் என்று பிறகுதான் புரிந்தது.

ஆசாரிக்குக் கடையில் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். நாமே நேராகப் போய் வாங்கினால் அது மிச்சம் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவோம், நானும் போட்டேன். ஆனால் கடைக்காரன் கணக்கு வேறு. ஆசாரி மாசா மாசம் வருகிறவர், ஷீட்டைத் தூக்கிப் பார்த்ததுமே கனத்தை வைத்துச் சொல்லிவிடுவார், சரக்கு மோசம் என்றால் அடுத்த வேலைக்கு வேறு கடைக்குப் போய்விடுவார். என்னை மாதிரி ஆள் வாழ்க்கையில் ஒரு தடவை மூன்று ஷீட் வாங்குகிறவள். குடோனில் கிடக்கிற, எந்த ஆசாரியும் தொடாத சரக்கைத் தள்ளிவிட என்னை விடத் தோதான ஆள் யார்?

அடுத்து நடந்ததைக் கவனமாகப் படியுங்கள், மொத்த வித்தையும் இதில்தான் இருக்கிறது. கட்டிங் மெஷின் கடையில் இல்லை, குடோனில் இருக்கிறது என்றார்கள். நான் வந்து பார்க்கிறேன் என்றதற்கு, “அங்க ஒரே தூசி மேடம், லேடீஸ் நிக்க முடியாது, நாங்க அளவு பிசகாம வெட்டி அனுப்பிடுறோம்” என்றார்கள். முழு ஷீட்டாகக் கண்ணால் பார்க்கவே விடவில்லை. சாயங்காலம் குட்டியானையில் துண்டு துண்டாக வந்து இறங்கியது. மிச்சத் துண்டுகள் எங்கே என்று கேட்டால், அதெல்லாம் குப்பை மேடம், அங்கேயே போட்டாச்சு என்றார் டிரைவர். காசு முழு ஷீட்டுக்கு, துண்டு மட்டும் அவர்களுக்கு. அந்தத் துண்டுகளில்தான் முத்திரை இருந்திருக்கிறது. ஒரே ஒரு பின்பலகையில் மட்டும் தப்பித்தவறி முழுசாக ஒன்று வந்துவிட்டது.

பில் என்று கையில் கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பு போட்ட ஒரு சீட்டு. “பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சென்ட் கூட வரும் மேடம், எதுக்கு?” நான் பில்தான் வேண்டும் என்று நின்றேன். சிஸ்டம் டவுன், நாளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்றார்கள். அந்த நாளை இன்னும் வரவில்லை. ஆனால் பணம் யுபிஐயில் அனுப்பியிருந்தேன், 710 மரைன் 18 எம்எம் என்று அவர்களே விலை எழுதி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜும் இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிற ஆதாரத்தில் பாதி அதுதான்.

முதல் சந்தேகம் கதவு மாட்டும்போது வந்தது. உள்ளே மறைகிற கீலுக்கு 35 எம்எம் அகலத்தில் வட்டமாகக் குழி எடுக்க வேண்டும், ஆழம் சுமார் 12 எம்எம் வரும். 18 எம்எம் பலகையில் அதற்கு மேலும் நிறைய சதை இருக்க வேண்டும். எனக்கோ குழி எடுக்கும்போதே மறுபக்கம் லேசாக உப்பிவிட்டது, திருகிய ஸ்க்ரூவின் முனை மைக்காவைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிமனை அளந்தால் 15.6. கடைக்கு போன் போட்டேன். “பிரெஸ் பண்ணும்போது அப்படித்தான் மேடம் கொஞ்சம் கம்மியாகும், எல்லா கம்பெனியும் இதேதான்” என்று பதில். அது பச்சைப் பொய். 6 எம்எம்மும் அதற்கு மேலும் உள்ள பிளைவுட்டுக்கு 5 சதவீதம்தான் கூடக் குறைய இருக்கலாம். 18 என்றால் 17.1க்குக் கீழே போகக் கூடாது.

சிங்க் அடியில் பொருத்தி, மழைக்காலம் வந்ததும் கதை முடிந்தது. குழாயில் கசிவு எதுவும் இல்லை, அதைத்தான் முதலில் பார்த்தேன். பாத்திரம் கழுவும்போது தெறிக்கிற தண்ணீரும் தரை துடைக்கிற ஈரமும்தான். அதற்கே அடிப்பலகை ஓரம் வீங்கி, ஓரத்தை மூட ஒட்டிய பீடிங் பட்டை வாயைப் பிளந்துகொண்டது. கீழ் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை, நின்ற இடத்திலிருந்தே, “ஏம்மா, இதையா மரைன்னு வாங்கின?” என்றார். பிறகு நான் பொருத்தாமல் வைத்திருந்த ஒரு துண்டைக் கையில் எடுத்து, துணியைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தில் அழுத்தித் துடைத்தார். துணியெல்லாம் சிவப்பு. பலகை ஓரம் வெளிறிப்போய், வைக்கோல் நிறத்தில் பல்லை இளித்தது. பசைக் கோடு என்று நான் நம்பியதெல்லாம் சாயம்! வெட்டின பிறகு ஓரத்தில் சாயம் பூசித்தான் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். சாயம் போனதும் இன்னொன்றும் தெரிந்தது, நடு அடுக்குகளில் அங்கங்கே விரல் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி, முழு மரத் தகடு வைக்காமல் துண்டு துண்டாக அடுக்கி அமுக்கியது.

“கொதிக்க வெச்சுப் பாரும்மா, உனக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய அலுமினியப் பாத்திரத்தில் ஒரு துண்டைப் போட்டுக் கொதிக்க விட்டேன். (செய்கிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், கண் எரிகிற நாற்றம் வரும்.) 72 மணி நேரமெல்லாம் தேவைப்படவில்லை. மத்தியானம் வைத்தது, சாயங்காலம் எடுத்தபோது வெங்காயத்தை உரிப்பது மாதிரி விரலாலேயே அடுக்கு அடுக்காக உரிந்து வந்தது. முழுவதும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் அந்த முத்திரை. ஐஎஸ்ஐ குறிக்கு மேலே ஐஎஸ் நம்பரும் கீழே சிஎம்/எல் என்று ஆரம்பிக்கிற லைசென்ஸ் நம்பரும் இருக்கும். ஐஎஸ்ஐ குறி கொடுக்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸுக்கு பிஐஎஸ் கேர் என்று ஒரு அரசு ஆப் இருக்கிறது, இலவசம், அதில் இந்த நம்பரைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்த ஊர், எந்தப் பொருளுக்கான லைசென்ஸ், இன்னும் செல்லுபடியாகிறதா என்று எல்லாம் காட்டும். என் பலகையில் இருந்த நம்பரைப் போட்டேன். வேறு கம்பெனி, வேறு பொருள், பிளைவுட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யாரோ ஒருவருடைய நம்பரை எடுத்துக் குத்தியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்கள். டீ வந்தது. “நீங்க ஒழுங்கா சீல் பண்ணலை மேடம், அதான் தண்ணி ஏறிடுச்சு” என்றார்கள். ஓரம் எல்லாம் பீடிங் ஒட்டின போட்டோவைக் காட்டினேன். “கைப்பழக்கம் இல்லாதவங்க செஞ்சா இப்படித்தான் ஆகும், ஆசாரிய வெச்சு செஞ்சிருக்கணும்” என்றார், அன்றைக்கு சூப்பர் என்று சொன்ன அதே ஆள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நானே செய்கிறேன் என்பதைத் தெரிந்துகொண்டு மட்டமான சரக்கை அனுப்பிவிட்டு, கேட்கப் போனால் அதையே காரணமாகத் திருப்பிப் போடுகிறார்கள். சாயத் துணியைக் கல்லா மேல் வைத்ததும் டோன் மாறியது. வெட்டின சரக்கை எந்தக் கடையிலும் திரும்ப எடுக்க மாட்டார்கள், எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்றார்கள்.

போனேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று சுவரில் எழுதி வைத்துவிட்டால் கதை முடிந்தது என்று அவர்களும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் நாமே செய்கிறவர்கள் பலகை வந்த வாரத்திலேயே அளந்து, துடைத்து, கொதிக்க வைத்துப் பார்த்துவிடுங்கள், மழைக்குக் காத்திருக்க வேண்டாம். முதலில் 1915க்கு போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. போலி முத்திரைக்கு பிஐஎஸ் ஆப்பிலேயே தனியாகப் புகார் போட்டேன். அது கடைக்காரருக்கு இன்னும் பெரிய தலைவலி, பிஐஎஸ் சட்டம் 2016படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, முதல் தடவைக்கே குறைந்தது 2 லட்சம் அபராதமோ விதிக்க இடம் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார். 5 லட்சம் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம்.

மறுபடி வாங்கியபோது எப்படி வாங்கினேன் என்று கேட்பீர்கள். அந்த ஆசாரி அண்ணனிடமே அரைநாள் கூலி கொடுத்து வேறு கடைக்குக் கூட்டிப் போனேன், கடையில் கமிஷன் வாங்கக் கூடாது என்று முன்னாலேயே பேசிக்கொண்டேன். ஷீட்டை முழுசாக வெளியே இழுத்து, நாலு ஓரமும் பார்த்து, வெர்னியர் வைத்து, சிஎம்/எல் நம்பரை அங்கேயே ஆப்பில் போட்டுப் பார்த்து, முத்திரையோடு போட்டோ எடுத்த பிறகுதான் மெஷினில் ஏற்ற விட்டேன். வெட்டும்போது பக்கத்திலேயே நின்றேன், தூசி ஒன்றும் ஆளைக் கொன்றுவிடவில்லை. (ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 எம்எம் தின்னும், கட்டிங் லிஸ்ட்டில் அதையும் சேர்த்து எழுதுங்கள்.) மிச்சத் துண்டு எல்லாம் வீட்டுக்கு வந்தது, ஒரு செருப்பு ஸ்டாண்டே செய்துவிட்டேன். பில்லில் ‘பிளைவுட்’ என்று மொட்டையாக எழுதாமல் கம்பெனி, ஐஎஸ் 710, 18 எம்எம், எத்தனை ஷீட் என்று விவரமாக எழுதச் சொல்லி வாங்கினேன். ஒரு கடை அப்படி எழுத மாட்டேன் என்றால் அங்கே ஒரு ஸ்க்ரூகூட வாங்காதீர்கள். மைக்காவிலும் இதே கதைதான், 1 எம்எம் என்று சொல்லி 0.8 கொடுப்பார்கள், அதையும் அளந்து பாருங்கள்.

உதவி எண்ணிலிருந்து என் புகார் கடைக்குப் போன பிறகு, “கட்டிங் சார்ஜ் மட்டும் திருப்பித் தர்றோம் மேடம், புகாரை வாபஸ் வாங்கிடுங்க” என்று போன் வந்தது. மூன்று ஷீட்டுக்கு உண்டான 10,752, மேலே கீல், மைக்கா, பசை எல்லாம் சேர்த்துத் தந்தால் பேசலாம் என்று எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். வீங்கின பலகைகளை ஆதாரத்துக்காக பால்கனியில் அடுக்கி வைத்திருக்கிறேன், ஆணையத்தில் காட்டும் வரை தூக்கிப் போடுவதாக இல்லை.