30 எச்டிஎம்எல் பக்கங்களை ரியாக்டுக்குக் கொண்டுபோக 4 வழிகள்: எது எங்கே இடறும்?

30 பக்கத் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலும் அதே தலைப்பகுதியும் அடிப்பகுதியும் நகலெடுத்து ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கத்தில் வடிகட்டிப் பார்க்கும் பட்டியல், இன்னொன்றில் படிவம், மற்றதெல்லாம் எழுத்தும் படமும்தான். இதை ரியாக்டுக்கு (திரையைக் காம்பொனென்ட் என்ற துண்டுகளாக எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) மாற்ற 4 வழிகள் புழக்கத்தில் உள்ளன: பழைய பக்கங்களிலேயே தேவையான இடத்தில் ரியாக்டைப் பொருத்துவது, பக்கங்களை முன்கூட்டியே எச்டிஎம்எல்லாக ஆக்கித் தரும் அஸ்ட்ரோ, ரியாக்டின்மேல் கட்டப்பட்ட நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸின் ஸ்டேடிக் எக்ஸ்போர்ட் (தளத்தை வெறும் கோப்புகளாக எடுப்பது), வீட் என்ற பில்ட் கருவி (நிரலை வெளியிடத் தயாரான கோப்புகளாக்குவது) வைத்து எல்லாவற்றையும் ஒற்றைப் பக்கச் செயலியாக (ஒரே எச்டிஎம்எல் கோப்பு, மற்றதை ஜாவாஸ்கிரிப்ட் வரையும்) திருப்பி எழுதுவது. (பழைய பாடங்களில் வரும் கிரியேட் ரியாக்ட் ஆப் 2025 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகவே கைவிடப்பட்டது. புதிய வேலையை அதில் தொடங்க வேண்டாம்.)

எந்த வழி என்பதைப் பக்க எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும்போதும் அழியாமல் இருக்க வேண்டிய ஸ்டேட் (நினைவில் வைத்திருக்கும் நிலை) இருக்கிறதா என்று பாருங்கள். பாடிக்கொண்டே இருக்க வேண்டிய ஆடியோ, பாதி நிரப்பிய பல கட்டப் படிவம் போன்றவை. அப்படி எதுவும் இல்லையென்றால் நாலாவது வழியை இப்போதே அடித்துவிடலாம்.

பழைய பக்கத்திலேயே பொருத்துவது

பட்டியல் இருந்த இடத்தில் ஐடி கொடுத்த வெற்று டிவ் ஒன்றை வைத்து, அதன்மேல் ரியாக்டின் கிரியேட்ரூட் ஃபங்ஷனை அழைத்து வரையச் சொன்னால் போதும். தொடக்கத் தரவை அந்த டிவ்விலேயே டேட்டா பண்புகளாக வைத்து ப்ராப்ஸாக (காம்பொனென்டுக்குத் தரும் உள்ளீடுகள்) அனுப்பலாம். மற்ற 29 பக்கங்களைத் தொடவே வேண்டாம்.

இடறும் இடங்கள் மூன்று. முதலாவது, அந்த டிவ்வுக்குள் ஏற்கெனவே இருந்ததை ரியாக்ட் துடைத்துவிட்டுத்தான் தன்னுடையதை வரையும். பக்கம் திறந்ததும் கீழே உள்ளவை குதிக்கும். குறைந்தபட்ச உயரத்தை சிஎஸ்எஸ்ஸில் ஒதுக்கிவையுங்கள். இரண்டாவது, ஒரே பக்கத்தில் இரண்டு ரூட் (ரியாக்ட் பொருத்திய இடம்) இருந்தால் காண்டெக்ஸ்ட் (காம்பொனென்டுகள் பகிரும் தரவு) ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயாது. வெளியே சிறிய ஸ்டோர் (பொதுத் தரவுக் கிடங்கு) ஒன்று வைத்து இரண்டும் அதைக் கவனிக்கச் செய்யலாம், அல்லது ஒரே ரூட்டிலிருந்து போர்ட்டல் வழியாக இரண்டு இடத்திலும் வரையலாம். மூன்றாவது, பழைய ஜேகுவரி நிரல் அந்த டிவ்வின் உள்ளே கைவைத்தால், ரியாக்ட் நீக்கப் போகும் எலிமென்ட் அங்கே இல்லாமல் பிழை வெடிக்கும்.

வீட் வழியாக பில்ட் செய்தால் இன்னொன்று: அது இயல்பாக இண்டெக்ஸ் கோப்பை மட்டுமே எடுக்கும். உங்கள் கணினியில் எழுதிப் பார்க்கும்போது எல்லாப் பக்கமும் திறக்கும். பில்ட் முடிந்து பார்த்தால் 29 பக்கங்களைக் காணோம். எல்லாக் கோப்புகளையும் உள்ளீட்டுப் பட்டியலில் எழுதிவிட வேண்டும்.

இந்த வழி தீர்க்காத ஒன்று: தலைப்பகுதி இன்னும் 30 இடங்களில்தான் இருக்கும்.

அஸ்ட்ரோ

அந்தச் சிக்கலை இது பில்ட் நேரத்திலேயே தீர்க்கிறது. தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் ஒரு லேஅவுட்டில் போட்டு, நடுவில் ஸ்லாட் வைத்தால் 30 நகல்கள் ஒன்றாகும். பழைய எச்டிஎம்எல்லைப் பெரும்பாலும் அப்படியே ஒட்டலாம்; கிளாஸ் கிளாஸாகவே இருக்கும். உரையில் நெளிவு அடைப்புக்குறி வரும் இடங்களை மட்டும் தேடிப் பாருங்கள், அதற்குள் இருப்பதை நிரல் என்று எடுத்துக்கொள்ளும்.

பட்டியலை ரியாக்ட் காம்பொனென்டாக எழுதி, கிளையன்ட் விசிபிள் என்ற குறிப்போடு வைத்தால், வாசகர் அங்கே உருட்டி வரும்போதுதான் ஜாவாஸ்கிரிப்ட் இறங்கும். அந்தக் குறிப்பை மறந்தால் பட்டியல் அழகாகத் தெரியும், எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. முதல் நாளில் பலரும் முட்டிக்கொள்வது இங்கேதான். ஊடாட்டமே இல்லாத பக்கங்களுக்கு ரியாக்ட் இறங்குவதே இல்லை. சுருக்கிய நிலையிலும் அது 40 கிலோபைட்டுக்கு மேல் என்பதால் இது சின்ன மிச்சம் அல்ல.

முகவரிகளைக் கவனியுங்கள். இயல்பில் ஒவ்வொரு பக்கமும் தனி ஃபோல்டராகும்; .எச்டிஎம்எல் என்று முடிந்த பழைய இணைப்புகள் உடையும். பில்ட் ஃபார்மட்டை ஃபைல் என்று மாற்றினால் பழைய முகவரிகள் அப்படியே நிற்கும்.

நெக்ஸ்டும் ஒற்றைப் பக்கச் செயலியும்

இந்த இரண்டிலும் 30 பக்க மார்க்கப்பும் ஜேஎஸ்எக்ஸ் (ஜாவாஸ்கிரிப்டுக்குள் எழுதும், எச்டிஎம்எல் போன்ற வடிவம்) ஆக வேண்டும். உழைப்பு போவது இங்கேதான். கிளாஸ் என்பதைக் கிளாஸ்நேம் ஆக்க மறந்தால் கன்சோலில் ஒரு எச்சரிக்கையோடு தப்பிவிடலாம். ஸ்டைல் எழுத்துச்சரமாகவே இருந்தால் பக்கமே நின்றுவிடும், அதை ஆப்ஜெக்டாக மாற்ற வேண்டும். படம், இன்புட், வரிமுறிப்பு டேக்குகள் எல்லாம் சாய்கோட்டால் மூடப்பட வேண்டும். இன்புட்டில் வேல்யூ மட்டும் இருந்து மாற்றத்தைக் கையாளும் ஃபங்ஷன் இல்லையென்றால் தட்டச்சு செய்வது ஏறாது. டிஃபால்ட்வேல்யூ என்று மாற்றுங்கள்.

தேடித் திருத்தும் கருவிகள் பிடிக்காதவையும் உண்டு. அடுத்தடுத்த வரிகளில் இருக்கும் இரண்டு இணைப்புகளுக்கு இடையிலான வெற்றிடத்தை ஜேஎஸ்எக்ஸ் விழுங்கிவிடும். மெனுச் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். காம்பொனென்டுக்காகச் சேர்த்த கூடுதல் டிவ், நேரடிக் குழந்தையையோ வரிசை எண்ணையோ நம்பிய சிஎஸ்எஸ் விதிகளை அமைதியாக முறித்துவிடும். அங்கெல்லாம் டிவ் சேர்க்காமலே பலவற்றை ஒன்றாகக் கட்டும் ஃப்ராக்மென்ட் போடுங்கள்.

நெக்ஸ்டில் இதற்கு மேலும் ஒன்று: பத்திக்குள் டிவ், டிபாடி இல்லாத டேபிள் என்று பிரவுசர் இத்தனை காலம் பொறுத்துக்கொண்ட பிழைகளெல்லாம் ஹைட்ரேஷன் (ஏற்கெனவே வந்த எச்டிஎம்எல்லோடு ரியாக்ட் தன்னை இணைத்துக்கொள்வது) பிழையாக வெளியே வரும். பிரவுசர் எச்டிஎம்எல்லைத் தானே திருத்திக்கொள்கிறது, ரியாக்ட் எதிர்பார்த்த மரமோ வேறு. ஸ்டேடிக் எக்ஸ்போர்ட்டில் இயல்பான படச் சுருக்கமும் கான்ஃபிக்கில் எழுதும் ரீடைரக்டும் வேலை செய்யாது. பழைய முகவரியைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பும் 301 திருப்பல்களை சர்வரில்தான் எழுத வேண்டும்.

ஒற்றைப் பக்கச் செயலியில் உள்பக்கத்தைப் புதுப்பித்தால் 404 வரும். சர்வர் எல்லா முகவரிக்கும் இண்டெக்ஸ் கோப்பைத் தர வேண்டும். பக்கத் தலைப்பு, உருள்நிலை, ஸ்கிரீன் ரீடருக்கான ஃபோகஸ் என்று பிரவுசர் இலவசமாகச் செய்துவந்ததையெல்லாம் நீங்களே கட்ட வேண்டும். பகிர்ந்த இணைப்புக்கு முன்னோட்டம் எடுக்கும், ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டாத ரோபோக்களுக்கு 30 பக்கமும் ஒரே வெற்றுப் பக்கம்தான்.

மேலே சொன்ன தளத்துக்கு அஸ்ட்ரோதான் பொருந்தும். ஒரே ஒரு பக்கம்தான் மாற வேண்டும், பில்ட் அமைப்பு பெரிதாக வேண்டாம் என்றால் முதல் வழி. பின்னாளில் நெக்ஸ்டுக்குப் போக நேர்ந்தாலும் உழைப்பு வீணாகாது: இங்கே எழுதிய பட்டியல் காம்பொனென்டின் தலையில் யூஸ் கிளையன்ட் என்று ஒரு வரி சேர்த்தால் அங்கேயும் ஓடும். வரையும் நேரத்தில் விண்டோவையோ லோக்கல் ஸ்டோரேஜையோ தொடாமல், அவற்றை எஃபெக்டுக்குள் (வரைந்து முடித்தபின் ஓடும் நிரல்) வைத்து எழுதியிருக்க வேண்டும், அவ்வளவே.