நெல்லையில் மூலம், பௌத்திரம் சிகிச்சை: போர்டை விட்டுட்டு படிப்பைப் பாருங்க

வண்ணாரப்பேட்டை, பாளை பக்கம் ‘லேசர், ஒரே நாளில் வீட்டுக்கு’ போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. லேசர் வெறும் கருவி. பிடிக்கிற கை யாருடையது என்பதுதான் கேள்வி.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், அதன்மேல் எம்.எஸ். பொது அறுவை 3 வருஷம். சாதாரண மூலத்துக்கும் ஆசனவாய் வெடிப்புக்கும் இது தாராளம். ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையே போதும். மலக்குடல் புற்று, திரும்பத் திரும்ப வரும் பௌத்திரம் (ஆசனவாய்ப் பக்கம் சீழ் வடியும் குழாய்) என்றால் மேலும் 3 வருஷம் எம்.சி.எச். இரைப்பை குடல் அறுவை படித்தவரோ, பெருங்குடல் மலக்குடலில் தனிப் பயிற்சி எடுத்தவரோ வேண்டும்.

ஏன்? பௌத்திரக் குழாய், ஆசனவாயை மூடிவைக்கும் சுருக்குத் தசையை ஊடுருவிப் போகும். தசையை அதிகம் வெட்டினால் மலம் அடக்க முடியாது. குழாய் உள்ளே தொடங்கும் உள்வாயைக் கண்டுபிடிக்காமல் விட்டால் மறுபடி சீழ். அதனால் சிக்கலானதற்கு முதலில் எம்.ஆர்.ஐ., பிறகுதான் கத்தி. மூலத்துக்கு ரப்பர் வளையம் போடுவதிலும் இதே கதைதான்: உணர்வுக் கோட்டுக்கு (ஆசனவாய்க்குள் இதற்குக் கீழேதான் வலி தெரியும்) கீழே போட்டால் உடனே உயிர்போகும் வலி, வளையத்தைக் கழற்றியே ஆகணும்.

விரலாலும் புராக்டோஸ்கோப்பாலும் (ஆசனவாய்க்குள் பார்க்கும் சிறு குழாய்) பார்க்காமலே ஆபரேஷன் தேதி குறிக்கும் இடத்துக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். (புது வெடிப்பில் வலி தாங்காது, அப்போது இந்தப் பரிசோதனையைத் தள்ளிவைப்பது நியாயம்.) 45 வயதுக்கு மேல் ரத்தம் போனால் ‘மூலம்தான்’ என்று அனுப்பாமல் கொலனாஸ்கோப்பி (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) சொல்பவரை நம்பலாம். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் சரிபார்த்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்க.