படிப்பும் வருது, கலையும் வருது: டபுள் ப்ரொமோஷனா, ஆர்ட்ஸ் ஸ்கூலா, இல்ல வேற வழியா?

கணக்குலயும் கெட்டி, வயலினும் அசத்துதுன்னு ஒரு குழந்தை இருந்தா வீட்ல வர்ற சண்டை எல்லாமே நேரத்துக்குத்தான். அதனால எந்த வழில குழந்தைக்கு நேரம் மிச்சமாகும்ங்கிற ஒரே கேள்விய வச்சு பாக்கலாம். ஏன்னா படிப்ப சுருக்கலாம், ஒரு வருஷ அல்ஜிப்ராவ சில வாரத்துல முடிச்சுட்டு போற பசங்க நெஜமாவே இருக்காங்க, ஆனா வில்லு பிடிக்கிற கைய அப்படி சுருக்கி பழக்க முடியாது, அது தினம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் படியும்.

டபுள் ப்ரொமோஷன்னாலே "பாவம் குழந்தை, மனசு கெட்டுடும்"னு சொல்வாங்க. 1971ல அமெரிக்காவோட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில ஜூலியன் ஸ்டான்லிங்கிற உளவியல் பேராசிரியர் ஆரம்பிச்ச ஆய்வு, கணக்குல கெட்டியான பசங்கள பல வருஷம் தொடர்ந்து பாத்துச்சு, அந்த பயத்துக்கு அதுல பெருசா ஆதாரம் கிடைக்கல. என் சந்தேகம் வேற. எல்லா பாடத்துலயும் மேல ஏத்திட்டா பெரிய பரீட்சை வருஷங்களும் சீக்கிரமே வந்துடும், குழந்தையோட கையோ இன்னும் அரை சைஸ் வயலின்லயே இருக்கும். கலைக்கு நேரம் தேவைப்படுற வயசுலயே அத புடுங்குன மாதிரி ஆயிடும்.

ஆர்ட்ஸ் ஸ்கூல்னா நேர் எதிர். இங்கிலாந்துல 1963ல தொடங்குன மெனுஹின் ஸ்கூல்ல இசையும் பாடமும் ஒரே கூரைக்கு கீழ, தனியா கிளாஸுக்கு ஓட வேணாம். ஆனா இந்த மாதிரி இடம் "எனக்கு இதுதான் வாழ்க்கை"ன்னு குழந்தையே தெளிவா நிக்கிறப்ப சரி, ரெண்டுலயும் பசி இருக்குற குழந்தைக்கு இவ்ளோ சீக்கிரம் கதவ சாத்தணுமா? நியூயார்க்ல ஜூலியார்ட்ங்கிற இசைக் கல்லூரில ஸ்கூல் பசங்களுக்கான ப்ரீ-காலேஜ் வகுப்பு சனிக்கிழமைகள்ல நடக்குது, வாரநாள்ல குழந்தை தன் ஸ்கூலுக்கே போகலாம். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு.

கூடுதலா ஒர்க்‌ஷீட் குடுக்குற வழி ஒண்ணு இருக்கே, அத விடுங்க. சீக்கிரம் முடிச்சதுக்கு தண்டனைன்னுதான் குழந்தைக்கு தோணும்.

என் ஓட்டு ஒரு பாடத்துல மட்டும் மேல ஏத்துறதுக்கு. கணக்குக்கான பெரிய விருதான ஃபீல்ட்ஸ் மெடல 2006ல வாங்குன டெரன்ஸ் டாவோ சின்ன வயசுல ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு வகுப்புல உக்காந்தவரு. நம்ம குழந்தை கணக்கு பீரியட்ல மட்டும் பெரிய பசங்களோட இருக்கட்டும், மத்த நேரம் தன் வயசு பசங்களோட. சிக்கல் டைம்டேபிள்லதான், மேல் வகுப்போட கணக்கு பீரியட் இவனோட மொழி பீரியட்ல வந்து விழும், ஸ்கூல்ல மொதல்ல பேச வேண்டியதே அதத்தான். அப்புறம் இன்னொண்ணு, மிச்சமான ஒரு மணி நேரத்துல ஒலிம்பியாட் கோச்சிங்ல கொண்டு போய் சேத்துட்டா நேரப் பிரச்சனை மறுபடி பழைய இடத்துக்கே வந்துடும், அந்த நேரம் வயலினுக்கு போகணும், இல்லன்னா நோட்டுல ஏதாச்சும் கிறுக்கிட்டு கிடக்கட்டும்.