செயின்ட் லூசியா சுற்ற: கப்பல் பஸ்ஸா, வாடகைக் காரா, தனி வழிகாட்டியா?

கரீபியன் கடலில் உள்ள செயின்ட் லூசியா தீவுக்கு இரண்டு தடவை போயாகிவிட்டது. முதல் தடவை சுற்றுலாக் கப்பலில். காலை எட்டு மணிக்கு இறங்கி மாலை நாலரைக்குள் திரும்ப ஏறிவிட வேண்டும். இரண்டாவது தடவை டொராண்டோவில் இருந்து விமானத்தில் போய் ஒரு வாரம் தங்கினோம். நான், மனைவி, பத்து வயது மகள், முழங்கால் வலியோடு மாமியார். கப்பல்காரர்களின் பஸ், ஆள் சேர்த்துக் கிளம்பும் வேன், வாடகைக் கார், உள்ளூர் மினிபஸ், படகு, தனி வழிகாட்டி என்று அங்கே ஊர் சுற்ற என்னென்ன வழி உண்டோ அத்தனையிலும் ஏறி இறங்கிய பிறகு இதை எழுதுகிறேன். தனி வழிகாட்டி வைத்துக்கொள்வது காசு கொழுத்தவர்கள் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. ஆனால் எல்லாருக்கும் எல்லா நாளும் அது தேவையும் இல்லை.

முதலில் தீவின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்ற கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. மொத்தமே 617 சதுர கிலோமீட்டர், வடக்கிலிருந்து தெற்குக்கு 43 கிலோமீட்டர். வரைபடத்தைப் பார்த்தால் காலையில் காபி குடித்துவிட்டுக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு சுற்று வந்துவிடலாம் போலத் தெரியும். நடக்காது. கப்பல் வந்து நிற்பது வடமேற்கில் உள்ள தலைநகர் காஸ்ட்ரீஸில். ஹோட்டல்களில் நிறைய அதற்கும் வடக்கே ரோட்னி பே பக்கம். பார்க்க வேண்டியவையோ எல்லாம் தென்மேற்கில், சூஃப்ரியேர் ஊரைச் சுற்றி: கடலுக்குள் இருந்து நேராக எழும்பி நிற்கும் இரண்டு பிட்டன் மலைகள், கந்தக ஊற்று, அருவிகள், கோகோ தோட்டங்கள். இடையில் இருக்கும் மேற்குக் கரைச் சாலை ஏற்றம், கொண்டை ஊசி வளைவு, இறக்கம், ஒரு மீனவர் ஊர், மறுபடி ஏற்றம் என்றே போகும். ஒரு வழிக்கே ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும், முன்னால் லாரி மாட்டினால் இன்னும் கூட. ஆக நாளில் பாதி வண்டிக்குள்தான் கழியும். அந்தப் பாதியை எப்படிக் கழிக்கிறோம் என்பதில்தான் வழிக்கு வழி வித்தியாசம்.

கப்பல் பஸ்ஸுக்கு ஒரே ஒரு பெரிய பலம் உண்டு. அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாமாகப் போய்த் தாமதமானால் கையசைத்துவிட்டுப் போய்விடும். உண்மையில் அந்தப் பயத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். முதல் தடவை நாங்களும் கொடுத்தோம், தலைக்கு 109 அமெரிக்க டாலர். இருபத்து நாலு பேர் ஏறி எண்ணி முடித்துக் கிளம்பவே அரை மணி. மாரிகோ பே என்ற விரிகுடா தெரியும் மேட்டில் பத்து நிமிடம், இறங்கினால் நமக்கு முன்னால் நாலு பஸ் கூட்டம். டைமண்ட் தோட்டத்தில் முக்கால் மணி. பிரெஞ்சுப் படைவீரர்கள் குளிப்பதற்காக பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயி காசு கொடுத்து 1784இல் கட்டத் தொடங்கிய குளியல் தொட்டிகள் அங்கே இருக்கின்றன. தாதுப்பொருள் கலந்து நிறம் நிறமாக வழியும் அருவியும் உண்டு, அதில் குளிக்கக்கூடாது. கந்தக ஊற்றில் எட்டிப் பார்க்கும் மேடையோடு சரி. சேற்றுக் குளியல் திட்டத்திலேயே இல்லை. அப்புறம் பஃபே சாப்பாடு, அதற்கப்புறம் கடை. கடையில் மட்டும் நாற்பது நிமிடம், யாரும் அவசரப்படுத்தவில்லை.

துறைமுக வாசலில் ஆள் சேர்க்கிற வேன் இதைவிட மலிவு. ஆனால் வண்டி நிறையும்வரை நகராது. நாங்கள் இன்னொரு நாள் காஸ்ட்ரீஸுக்குப் போய் அப்படி ஒன்றில் ஏறி ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம், டிரைவர் 'இன்னும் ரெண்டு பேர், ரெண்டே பேர்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரே நாள் மட்டும் கையில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

இப்போது தனி வழிகாட்டி. அங்கே பெரும்பாலும் வழிகாட்டியும் டிரைவரும் ஒரே ஆள்தான். முந்தின நாள் போனில் பேசியபோது அவர் கேட்ட முதல் கேள்வி நாங்கள் என்ன பார்க்க விரும்புகிறோம் என்பது இல்லை, எங்களில் யாருக்காவது படி ஏற முடியாதா என்பது. இரண்டாவதாக, நாளைக்குத் துறைமுகத்துக்கு இரண்டு கப்பல் வருகிறது, அதனால் ஏழு மணிக்கே கிளம்பலாமா என்றார். எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. மறுநாள் வழியில் எங்குமே நிறுத்தாமல் நேராகச் சூஃப்ரியேருக்கு ஓட்டி, கந்தக ஊற்று திறக்கிற நேரத்துக்கு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியபோதுதான் புரிந்தது. சேற்றுக் குளத்தில் எங்களைத் தவிர ஒரு ஜெர்மன் ஜோடி மட்டும். நாங்கள் குளித்து முடித்துக் கிளம்பும்போது முதல் கப்பல் பஸ் உள்ளே திரும்பியது. அதற்கப்புறம் நாள் முழுக்க இதே கதைதான், எல்லாரும் போகிற இடங்களுக்கே போனோம், ஆனால் வரிசையைத் திருப்பிப் போட்டு. மாரிகோ பே மேட்டை மாலை திரும்பும் வழியில் வைத்திருந்தார். அங்கே ஒரு பஸ்கூட இல்லை.

குளத்தில் இறங்கும் முன் என் மனைவியின் காலைப் பார்த்துவிட்டு, அது வெள்ளியா என்று கேட்டார். கொலுசு. கழற்றிவிடுங்கள், கந்தகத்தில் கறுத்துவிடும் என்றார். தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது, வெளிர் நிற நீச்சலுடைதான் அப்புறம் வெளுக்காது என்றும் சொன்னார். கொலுசைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டோம். மாமியார் மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். 'வண்டியோடு எரிமலைக்குள் போகலாம்' என்று விளம்பரம் செய்கிற இடம் அது. இப்போது கொதிக்கும் பள்ளத்தை வேலிக்கு அப்பால் இருந்துதான் பார்க்க வேண்டும். முன்பு விளிம்புவரை நடந்தே போகலாமாம். 90களில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் காலடியில் மண்ணின் மேலோடு உடைந்து கொதிக்கும் சேற்றில் விழுந்து இடுப்புவரை வெந்துபோனார், உயிர் பிழைத்துவிட்டார், அதற்கப்புறம்தான் வேலி. இதைக் கப்பல் பஸ்ஸிலும் சொன்னார்கள், மைக்கில், ஒரு ஜோக் போல. இவர் அந்த வேலியில் கை வைத்தபடி சொன்னார்.

இன்னொன்று சாப்பாடு. ஆன்ஸ் லா ரே, கேனரீஸ் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில், சாலையோரமாக மரவள்ளிக்கிழங்கு ரொட்டி சுடுகிற 'பிளாஸ் கசாவ்' என்ற இடம் இருக்கிறது. தேங்காய் போட்டது, பட்டை போட்டது, உப்புமீன் வைத்தது என்று பல வகை. இருபத்து நாலு பேர் பஸ் அந்த ஓரத்தில் நிற்கவே வழியில்லை. எங்கள் வேன் நின்றது. மாமியார் இறங்கிப் போய் கிழங்கு மாவைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, நம்ம மரவள்ளிதான் என்று தீர்ப்புச் சொன்னார், தேங்காய் ரொட்டி இரண்டு சாப்பிட்டார். டிரைவரைக் காலையில் இருந்தே தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் அவருக்கும் அது பழகிப்போய், கூப்பிட்டால் திரும்பினார். மதியம் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் ஒரு சின்னக் கடை. 'கிரீன் ஃபிக்' என்று பலகையில் பார்த்து, அத்திக்காய்க் கூட்டு போல என்று நினைத்து வாங்கினேன். வந்தது வாழைக்காய், கூடவே உப்பிட்ட மீன். அதுதான் அவர்களுடைய தேசிய உணவு, அங்கே வாழைக்காய்க்குப் பெயரே ஃபிக்.

சரி, பணம். நாலு பேருக்குக் கப்பல் பஸ் 436 டாலர். தனி வழிகாட்டி நாள் முழுக்க, வண்டிக்கு மொத்தமாக 300 கேட்டார். நுழைவுக் கட்டணங்கள், சாப்பாடு, கடைசியில் கொடுத்த டிப்ஸ் எல்லாம் சேர்த்தும் 436 வரவில்லை. இரண்டு பேர் மட்டும் போனால் கணக்கு தலைகீழ், அப்போது தனி வண்டிக்கு நன்றாகவே கூட ஆகிவிடும். மூன்று பேர் என்றால் கொஞ்சம் கூட வரும், கொடுக்கலாம். பேரம் பேசும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: எந்த டாலர்? அங்கே நாட்டு நாணயம் கிழக்குக் கரீபியன் டாலர், 1976இல் இருந்து ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று கட்டி வைத்திருக்கிறார்கள். வெறுமனே 'டாலர்' என்று பேசி முடித்துவிட்டு மாலையில் முழிப்பவர்கள் உண்டு. நுழைவுக் கட்டணம் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் முந்தின நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வண்டியின் நம்பர் பிளேட் டிஎக்ஸ் (TX) என்று ஆரம்பித்தால் அது உரிமம் உள்ள டாக்ஸி.

வாடகைக் காரை நான் ரொம்ப எதிர்பார்த்துப் போனேன். ஸ்டீயரிங் வலப்பக்கம், ஓட்டுவது இடப்பக்கம், ஊரில் பழகிய கை, என்ன கஷ்டம் என்று நினைத்தேன். பதினைந்து வருடம் கனடாவில் ஓட்டிய கை அது என்பது மறந்துபோயிற்று, முதல் அரை மணிக்கு இண்டிகேட்டர் போடப் போய் வைப்பரைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளூர் தற்காலிக உரிமம் தனியாக வாங்க வேண்டும், கார் கொடுக்கும் இடத்திலேயே கிடைக்கும். வடக்கில் மட்டும் சுற்றக் கார் அருமை. பிஜன் ஐலண்டுக்குப் போனோம். பெயர்தான் தீவு, 1972இல் மண் கொட்டிக் கரையோடு சேர்த்துவிட்டார்கள். மேலே ஏறினால் பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ரோட்னியின் கோட்டை மிச்சம், அங்கிருந்துதான் அவர் பக்கத்துத் தீவான மார்ட்டினிக்கில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களை வேவு பார்த்தார். அங்கே மூன்று மணி நேரம் யாரும் விரட்டாமல் உட்கார்ந்திருந்தோம். ஆனால் சூஃப்ரியேர் சாலையில் ஓட்டுகிறவர் பார்ப்பது தார் ரோடும் எதிரே வரும் மினிபஸ்ஸும்தான். பிட்டன் முதலில் தெரிகிற அந்த வளைவில் பின்சீட்டில் எல்லாரும் 'ஆ' என்றார்கள், நான் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனியாளாக, முதுகுப் பையோடு போகிறவர்கள் மேலே சொன்ன எதையும் யோசிக்க வேண்டாம். காஸ்ட்ரீஸில் இருந்து சூஃப்ரியேருக்கு 3டி (3D) தட மினிபஸ், கட்டணம் பத்து கிழக்குக் கரீபியன் டாலர் சுற்றுவட்டத்தில்தான். நிறைந்தால் கிளம்பும், பாட்டுச் சத்தம் இலவசம். போவது சுலபம், திரும்புவதுதான் பாடு, மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் வண்டி குறைந்துபோகும். கப்பலுக்குத் திரும்ப வேண்டியவர்கள் இதைத் தொடவே கூடாது.

படகை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு விஷயத்தில் தனி வழிகாட்டி அதனிடம் தோற்கிறார். 770 மீட்டர் கிரோ பிட்டனையும் 743 மீட்டர் பெட்டி பிட்டனையும் கடலில் இருந்து பார்ப்பதற்கு ஈடாகச் சாலையில் எந்த மேடும் இல்லை. பிரெஞ்சுப் பெயரைப் பார்த்தால் ஒன்று பெரியது, ஒன்று சின்னது. உயரத்தில் 27 மீட்டர்தான் வித்தியாசம், பார்வைக்குச் சின்னதுதான் செங்குத்தாக மிரட்டும். கடமரான் என்ற இரட்டை அடிப் படகுச் சுற்றுலாவில் போனால் வளைவும் இல்லை, வாந்தியும் இல்லை என்று சொல்ல ஆசைதான், கடல் பொங்குகிற நாளில் இரண்டாவது உத்தரவாதம் கிடையாது. சூஃப்ரியேரில் இறக்கி வேனில் ஏற்றிக் கந்தக ஊற்றைக் காட்டுவார்கள், ஆனால் அந்தப் பகுதி மறுபடி கும்பலோடு கும்பல்தான். மாமியாரைப் படகில் ஏற்றி இறக்கப் பட்ட பாடு தனிக் கதை.

கிரோ பிட்டன் ஏற வேண்டும் என்பவர்கள் தனி வழிகாட்டிக்கு முழு நாள் காசு கொடுப்பது வீண். அடிவாரத்தில் ஃபோன் ஜான் லீப்ர் என்ற ஊர், சுதந்திர மனிதர்களின் பள்ளத்தாக்கு என்று பொருள், அடிமைத்தனத்தில் இருந்து தப்பி வந்தவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம். அந்த ஊர்க்காரர்கள்தான் மேலே கூட்டிப் போவார்கள், அவர்களுக்குத் தனிக் கட்டணம். ஏறி இறங்க நாலு மணி நேரம் போய்விடும், அதுவரை நம்ம டிரைவர் வண்டியில் தூங்குவார், அந்தத் தூக்கத்துக்கும் நாம்தான் கொடுக்கிறோம். போக வர மட்டும் டாக்ஸி பேசுங்கள்.

தனி வழிகாட்டியிலும் குறை இல்லாமல் இல்லை. ஆள் சரியில்லை என்றால் எட்டு மணி நேரம் தப்பிக்க வழியே கிடையாது. பஸ்ஸில் தூங்கலாம், இங்கே அவர் கண்ணாடியில் நம்மைப் பார்த்துப் பேசிக்கொண்டே வருவார். இந்தச் சின்னத் தீவுக்கு இரண்டு நோபல் பரிசு, ஆர்தர் லூயிஸ் 1979, டெரெக் வால்காட் 1992, இருவரும் பிறந்தது ஒரே ஜனவரி 23இல் என்பதை எந்த வண்டியில் ஏறினாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுவீர்கள். எங்களுக்கு ஐந்து தடவை கிடைத்தது. வழியில் எங்காவது கடையில் நிறுத்தினால், வாங்க வேண்டாம், போகலாம் என்று முதல் கடையிலேயே சொல்லிவிட வேண்டும். நாங்கள் சொன்னோம், அவர் முகம் சுளிக்கவில்லை.

ஒரு வாரம் தங்குகிறவர்கள் தனி வழிகாட்டியை முதல் நாளோ இரண்டாம் நாளோ வைத்துக்கொண்டால் மிச்ச நாளுக்கும் பயன் உண்டு. எந்தக் கடற்கரையில் அலை அடங்கியிருக்கும், எந்த மினிபஸ் எங்கே நிற்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ஆன்ஸ் லா ரேயில் தெருவையே அடைத்து மீன் சுட்டு விற்பார்கள் என்று சொன்னதும் அவர்தான். இருட்டில் அந்தச் சாலையில் கார் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை, அவரையே வெறும் டாக்ஸியாகக் கூப்பிட்டோம், போக வரக் கட்டணம் மட்டும். அன்றைக்கு அவர் எதையும் விளக்கவில்லை. எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒரு முழு மீனை முள் மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டார், மாமியார் சுட்ட சீமைப்பலாவை அவர் தட்டில் தள்ளி, சாப்பிடு தம்பி என்றார்.