ஐந்து 'ஏன்'களா, பிழை மரமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு கோளாறின் காரணத்தைத் தேடும் இந்த இரண்டு முறைகளையும் காட்டுவேன். முதலில் ஐந்து 'ஏன்'கள். தோட்டத்துத் தண்ணீர் பம்ப் நின்றுவிட்டது. ஏன்? ஃபியூஸ் போய்விட்டது. ஏன்? மோட்டாருக்குச் சுமை அதிகம். ஏன்? பேரிங் இறுகிவிட்டது. ஏன்? கிரீஸ் வைக்கவில்லை. இப்படியே ஐந்து தடவை வரை கேட்டுக்கொண்டு போகலாம். டொயோட்டாவில் வளர்ந்த இந்த முறைக்கு ஒரு துண்டுத்தாள் போதும். ஆனால் ஒரே தடத்தில் இழுத்துப் போய்விடும். மின்னழுத்தம் குறைந்தாலும் ஃபியூஸ் போகுமே, அதை யார் பார்த்தது?

பிழை மரம் 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 'தண்ணீர் வரவில்லை' என்று உச்சியில் எழுதி, காரணங்களை 'அல்லது', 'மற்றும்' போட்டுக் கிளை பிரிக்க வேண்டும். மாற்று பம்ப் இருந்தால் இரண்டும் நின்றால்தான் தண்ணீர் நிற்கும், அங்கே 'மற்றும்'. நேரம் பிடிக்கும், சரி. ஆனாலும் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன். விட்டுப்போன கிளை தாளிலேயே கண்ணில் படும்.