தக்கலை ஆக்கர் கடையில் மூன்று விமானப் பாகங்கள்

தக்கலையிலிருந்து குளச்சல் செல்லும் சாலையில் உள்ள ஓர் ஆக்கர் கடையின், அதாவது பழைய இரும்புக் கடையின், பின்னறையில், பழைய போர் விமானங்களிலிருந்து கழற்றப்பட்ட பாகங்களை அடையாளம் கண்டு எழுதித் தருகிறார்கள். கடைக்காரர் விமானப்படையின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பாகம் ஒன்றுக்கு 400 ரூபாய் வாங்குகிறார். பல ஆண்டுகளாக நான் சேர்த்து வைத்திருந்தவற்றில் மூன்றை எடுத்துக்கொண்டு சென்ற மாதம் அங்கே போனேன்.

முதலாவது ஓர் உயரமானி. இணையத்தில் விற்ற ஒருவர் அதை இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் கருவி என்று உறுதியாகச் சொல்லி, அதற்கேற்ற விலையும் வாங்கியிருந்தார். கருவியின் பின்புறத்தில் கிரீடமும், அதன் கீழே ஏ.எம். என்ற எழுத்துகளும், 6ஏ என்று தொடங்கும் எண்ணும் இருந்தன. ஏ.எம். என்பது பிரிட்டிஷ் விமானத்துறை அமைச்சகத்தைக் குறிக்கும். 6ஏ என்பது அதன் பண்டகசாலையில் விமானக் கருவிகளுக்கு ஒதுக்கப்பட்ட பிரிவு. அந்த எண் கருவியைத்தான் அடையாளம் காட்டுமே தவிர, அது பொருத்தப்பட்டிருந்த விமானத்தைக் காட்டாது என்பதைக் கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். ஒரே வகை உயரமானி போர் விமானத்திலும் இருந்தது, குண்டுவீச்சு விமானத்திலும் இருந்தது. ஸ்பிட்ஃபயரின் உடற்பாகமாக இருந்தால் அதில் பொறித்த வரைபட எண்ணே பேசும்: 300 என்று தொடங்கினால் மூல வடிவமைப்பிலிருந்து தொடர்ந்து வந்த பாகம், 361 என்று தொடங்கினால் ஒன்பதாம் மார்க் வகைக்காக வரையப்பட்ட பாகம். ஸ்பிட்ஃபயர்களைத் தயாரித்த காசில் பிராம்விச் ஆலையில் செய்த பாகங்களில் சி.பி.ஏ.எஃப். என்ற ஆய்வாளர் முத்திரையையும் காணலாம். என் கருவியில் இவற்றில் எதுவும் இருக்க வழியில்லை. 'பிரிட்டிஷ் உயரமானி; விமானம் தெரியாது' என்று எழுதித் தந்தார். எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சான்று எதுவரை செல்கிறதோ அதுவரை மட்டுமே எழுதும் இந்தக் கட்டுப்பாட்டுக்காகவே இந்தக் கடையை மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

அதே உயரமானியின் எண்கள் இருளில் ஒளிரப் பூசியிருந்த பூச்சு பழுப்பேறிக் கிடந்ததைப் பார்த்ததும் அவர் கதிர்வீச்சு அளவியை எடுத்தார். முதலில் வெறும் மேசையின் மேல் அளந்தார். பிறகுதான் கருவியின் அருகே கொண்டுவந்தார். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் மோனசைட்டும் அதற்குள் தோரியமும் இருப்பதால், நம் கடலோரத்தில் தரையே முள்ளை உயர்த்திக் காட்டும். வெறும் இடத்தின் அளவைக் கழிக்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்றார். கருவியருகே முள் தெளிவாக ஏறியது. பூச்சில் ரேடியம் இருக்கிறது. ஒளிரும் தன்மை சில பத்தாண்டுகளில் போய்விடும். ரேடியத்தின் அரை ஆயுளோ ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். "கண்ணாடிய மட்டும் எக்காரணத்தக் கொண்டும் தொறந்துராதீங்க சார், அந்தத் தூளு மூச்சுல போகக்கூடாது" என்று இரண்டு முறை சொன்னார். விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இரண்டாவது, எஞ்சின் துணைக்கருவி ஒன்றின் அலுமினியத் தகடு. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என்ற பெயர் தெரிந்தது. அந்நிறுவனம் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் என்ற பெயரை விட்டு இந்தப் பெயருக்கு மாறியது 1964 அக்டோபரில் என்பதால், தகட்டின் காலத்துக்கு ஓர் எல்லை கிடைத்தது. அடுத்து ஆர்ஃபியஸ் என்ற எஞ்சின் பெயரும், 70 என்ற எண்களும், தேய்ந்துபோன ஓர் இலக்கமும். அந்த இலக்கத்தில்தான் எல்லாம் இருந்தது: 701 என்றால் ஓர் எஞ்சின் கொண்ட நாட் விமானம், 703 என்றால் இரட்டை எஞ்சின் கொண்ட மாருத் போர் விமானம். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். பள்ளத்தில் நிழல் விழுந்தது; இரண்டு வளைவுகள், நடுவே ஒரு கூர்முனை. மூன்று. ஜெர்மானியரான குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவாகி, 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்த மாருத்தின் ஒரு துண்டு, இத்தனை நாளும் என் மேசை இழுப்பறையில் கிடந்திருக்கிறது. மொத்தமே 147 மாருத்துகள்தான் செய்யப்பட்டன. வீடு வரும்வரை அந்தத் தகட்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மூன்றாவது, ஒரு வார்ப்படத் தாங்கி. ஓரத்தில் வெண்பொடி பூத்திருந்த இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டதும் நுரைத்தது. அலுமினியமல்ல, மக்னீசியக் கலவை. அதிலிருந்த திருகு 6 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் புரியிடைவெளியும் கொண்டது. மெட்ரிக் எம்6 திருகுக்கும் இதே அளவுகள்தான் என்பதால் நான் ரஷ்யப் பாகம் என்று நினைத்திருந்தேன். புரியளவியை வைத்து, புரியின் கோணம் 60 பாகை அல்ல, 47.5 பாகை என்று காட்டினார். அது பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற பிரிட்டிஷ் அளவுமுறைத் திருகு. அதற்கு மேல் செல்ல எண் எதுவும் இல்லாததால் அந்தப் பாகத்துக்குப் பணம் வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. நான் போய்ச் சேர்ந்ததும், கடைப் பையன் தூசு தட்டுவதாக எண்ணித் தகட்டின் ஓரத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டான். பெயிண்ட் அடுக்கு ஒரு விரலகலம் போய்விட்டது. கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் போன பெயிண்ட் திரும்பாது, பெயிண்டின் நிறமும் அடையாளத்தின் ஒரு பகுதியே. எழுதித் தரும் தாளில் பாகத்தின் படம் இல்லை, ஆகவே நாளை அந்தத் தாள் வேறொரு பாகத்தோடு சேர்ந்து விற்பனைக்கு வரலாம். 400 ரூபாய்க்கு ஒரு படம் ஒட்டித் தருவது பெரிய காரியமல்ல.

தோட்டாக்களையும், ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் வெளியேற்று இருக்கையின் வெடிபொதிகளையும் அவர் தொடுவதில்லை. காவல் நிலையத்துக்குச் சொல்லச் சொல்கிறார். சனிக்கிழமை மாலையில் மட்டும்தான் பார்க்கிறார். செல்பவர்கள் பாகத்தைத் துடைக்காமல், மெருகேற்றாமல், அழுக்கோடு துணியில் சுற்றி எடுத்துச் சென்று, நேராக அவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.