கிக்ஃப்ளிப்பா, ஹீல்ஃப்ளிப்பா? ஷூவை வைத்து ஒரு கணக்கு

ஸ்கேட்போர்டில் ஆலி, அதாவது கையால் பிடிக்காமல் பலகையோடு எழும்பிக் குதிக்கும் வித்தை, வசப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பலகையின் பின்முனையான டெயிலைத் தட்டினால் பலகை காலோடு எழும்புகிறது, நான்கு வீலும் ஒன்றாக இறங்குகின்றன. அடுத்தது ஃப்ளிப். எழும்பிய பலகையை அதன் நீளத்தையே அச்சாக வைத்து ஒரு முழுச் சுற்று சுழலவிட்டு, அது தரையைத் தொடும் முன் அதன்மேலேயே கால் வைப்பது. இங்கே வழி இரண்டாகப் பிரியும். ஒன்று கிக்ஃப்ளிப், இன்னொன்று ஹீல்ஃப்ளிப். வீடியோவில் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் முதலில் பழகச் சொல்கிறார்கள். நான் இரண்டாவதை எடுத்தேன். என் அத்தை மகன் முதலாவதை எடுத்தான். இரண்டு பேரும் பாபநாசம் பக்கத்தில் ஒரே நெற்களத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரிப் பலகையில் பழகினோம். ஆகவே ஒப்பிட்டுச் சொல்ல ஓரளவு தகுதி இருக்கிறது. நான் ஹீல்ஃப்ளிப் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுநிலை எதிர்பார்ப்பவர்கள் அவனிடம் கேட்கலாம், அவனும் நடுநிலை இல்லை.

வரலாற்றில் இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. ஆலியை 1970களின் கடைசியில் ஃப்ளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் நீச்சல்குளம் போலச் சரிவாக இருக்கும் ஸ்கேட் தளங்களில் செய்துகாட்டினார். அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தவர் ராட்னி முல்லன். 1980களின் தொடக்கத்தில் இன்றைய கிக்ஃப்ளிப், ஹீல்ஃப்ளிப் இரண்டையும் உருவாக்கியவரும் அவர்தான். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் முதன்முறையாக இடம்பிடித்த பிறகுதான் எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் வீட்டில் பலகை கேட்க ஆரம்பித்தார்கள்.

இனி கால் வேலை. இடது கால் முன்னால் வைப்பவரை வைத்துச் சொல்கிறேன். வலது கால் முன்னால் வைப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். பலகைமேல் பக்கவாட்டில் நிற்கிறோம். நமக்கு ஒரு விளிம்பு நெஞ்சுப் பக்கம், இன்னொன்று முதுகுப் பக்கம். கிக்ஃப்ளிப்பில் முன்காலைச் சாய்வாக வைத்து, டெயிலைத் தட்டியதும் ஆலி போல மேலே இழுத்து, சுண்டுவிரல் பக்கத்தால், பலகையின் முன்முனையான நோஸை ஒட்டிய முதுகுப் பக்க மூலையைச் சுண்டிவிட வேண்டும். ஹீல்ஃப்ளிப்பில் முன்காலின் விரல்நுனி நெஞ்சுப் பக்க விளிம்புக்கு வெளியே சற்று நீட்டிக்கொண்டிருக்கும். அதே தட்டல், அதே இழுப்பு. ஆனால் குதிகால் நெஞ்சுப் பக்க மூலை வழியாக வெளியே போகும். பலகை எதிர்த்திசையில் சுழலும். எது சுலபம் என்பது ஆளைப் பொறுத்தது. பந்தை உள்ளங்காலின் ஓரத்தால் தட்டிப் பழகியவர்களுக்கு ஹீல் சீக்கிரம் வரும் என்று ஒரு நண்பன் சொல்வான். எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, மறுக்க ஆதாரமும் இல்லை.

நேரம், அழகு இரண்டும் கிட்டத்தட்ட சமம். கிக்ஃப்ளிப் பார்க்கக் கொஞ்சம் கம்பீரம், ஒப்புக்கொள்கிறேன். என் முடிவு அழகை வைத்து எடுத்ததல்ல. ஷூ. அது ஒன்றுதான்.

பலகையின் மேலே ஒட்டியிருக்கும் கிரிப் டேப் அடிப்படையில் உப்புத்தாள். கால் வழுக்காமல் இருக்கத்தான் அது. ஆனால் ஒவ்வோர் ஆலியிலும் முன்காலின் வெளிப்பக்கம் அதன்மேல் தேய்ந்துகொண்டே மேலே போகிறது. கிக்ஃப்ளிப்பில் அந்தத் தேய்ப்பு இன்னும் நீளம். அதன் முடிவில் ஒரு சுண்டலும் சேர்கிறது. தேய்வது அடிப்பாகத்து ரப்பர் அல்ல, சுண்டுவிரலுக்கு மேலே இருக்கும் மேல்துணி. முதலில் தையல் நூல் பிரியும், பிறகு துணி பஞ்சாகும், அப்புறம் சாக்ஸ் எட்டிப் பார்க்கும். லேஸும் அந்தப் பக்கத்தில்தான் முதலில் அறும். கான்வாஸ் ஷூவாக இருந்தால் சில வாரங்கள். சூயெட் தோல் என்றால் அதைவிடப் பல மடங்கு தாங்கும், விலையும் அப்படியே.

ஹீல்ஃப்ளிப்பிலும் ஆலி இழுப்பு உண்டு, தேயவே தேயாது என்று சொன்னால் பொய். ஆனால் கால் நேராக நிற்பதால் இழுவை குறைவு, கடைசியில் பலகையை விட்டு விலகும் இடம் குதிகாலும் அடிப்பாகத்தின் ஓரமும். அங்கே இருப்பது ரப்பர். ரப்பரை உப்புத்தாள் தின்ன நாளாகும். என் ஷூவில் மேல்துணி இன்னும் பிழைத்திருக்கிறது, அடிப்பாகம் ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கிறது. அவன் ஷூவில் நேர்மாறு: அடிப்பாகம் புத்தம் புதிது, மேலே ஜன்னல்.

சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்தால் இதை இவ்வளவு இழுக்க மாட்டேன். எங்கள் பக்கம் ஸ்கேட் ஷூ விற்கும் கடையை நான் பார்த்ததில்லை. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கிடைப்பது ஓடுவதற்கான ஷூ. மெத்தென்ற வலைத்துணி, வளைந்த அடிப்பாகம். கிரிப் டேப்பில் ஒரு சாயங்காலம் தாங்காது, பலகையும் காலுக்குத் தட்டுப்படாது. ஆன்லைனில் வாங்கினால் அளவு பொருந்துமா என்ற கவலை. திருப்பி அனுப்பி மாற்றுவதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

ஆகவே ஒட்டுப் போடுவதுதான் வழி. சைக்கிள் கடையில் பழைய ட்யூப் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். சுண்டுவிரல் பக்கத்துக்கு ஏற்றபடி வெட்டி, இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் சுரண்டி, பஞ்சர் சொல்யூஷன் தடவி, கை வைத்தால் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு அழுத்த வேண்டும். ஓட்டை விழுவதற்கு முன்பே, ஷூ புதிதாக இருக்கும்போதே ஒட்டினால் நிற்கும். ஓட்டைமேல் ஒட்டினால் ஓரத்திலிருந்து உரிந்துவிடும். கிக்ஃப்ளிப் பழகுகிறவர்களுக்கு இது கட்டாயம். ட்யூப் வழவழப்பாக இருப்பதால் சுண்டலின் பிடிப்பு கொஞ்சம் மாறும் என்று அத்தை மகன் முனகுவான். அது உண்மையாகவே இருக்கலாம், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அவனோடு செருப்புத் தைப்பவரிடம் போயிருந்தேன். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் தம்பி, ஒரு காலு மட்டும் எப்படிப்பா இப்படி ஆவுது? வண்டி ஸ்டார்ட் பண்றியா?”

“இல்லண்ணே, இது வேற வண்டி” என்றான் அவன். அவர் நைலான் நூலால் இரட்டைத் தையல் போட்டார். நன்றாகத்தான் போட்டார். ஆனால் நூல் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கிரிப் டேப் அதைத்தான் முதலில் அறுக்கும்.

இதில் ஒரு கிளைக்கணக்கும் உண்டு. தேய்வது எப்போதும் முன்கால் ஷூதான். இடது கால் முன்னால் வைப்பவரிடம் நல்ல வலது ஷூ மிஞ்சும். வலது கால் முன்னால் வைப்பவரிடம் நல்ல இடது ஷூ மிஞ்சும். ஒரே அளவு, ஒரே மாடல், எதிரெதிர்க் கால் உள்ள ஒரு கூட்டாளி கிடைத்தால் இரண்டு பழைய ஜோடியிலிருந்து ஒரு நல்ல ஜோடி தேறும். எங்களுக்கு அந்த யோகம் இல்லை. இருவருக்குமே இடது கால் முன்னால்.

ஹீல்ஃப்ளிப்பின் குறையையும் சொல்ல வேண்டும். விழும் விதம் மோசம். குதிகாலை முன்னால் தள்ளும்போது உடம்பு பின்னால் சாயப் பார்க்கும். சாய்ந்தால் பலகை நெஞ்சுப் பக்கமாக முன்னால் ஓடிவிடும், பின்கால் மட்டும் அதன்மேல் படும், நாம் உட்கார்ந்த வாக்கில் சிமெண்ட்டில். கையை ஊன்றினால் மணிக்கட்டுக்கு ஆபத்து. கிக்ஃப்ளிப்பில் தவறினால் பெரும்பாலும் பலகையின் விளிம்பு கணைக்காலில் அடிக்கும். உயிர் போகிற வலி, ஆனால் நின்றபடி வாங்குகிற அடி. ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் ஹீல்ஃப்ளிப்பைத் தொடாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எது பாதுகாப்பு என்று கேட்டால் எனக்கு அனுபவம் இல்லை. படிக்கட்டிலிருந்து குதித்துச் செய்வதைப் பற்றியும் பேச மாட்டேன். எங்கள் இரண்டு பேர் வித்தையும் சமதரையோடு சரி.

இடம் பற்றி ஒரு வார்த்தை. சிமெண்ட் நெற்களம் ஃப்ளிப் பழக அருமையான தரை, ஆனால் அது விவசாயிகளுடையது. குறுவை அறுவடை, பிறகு சம்பா, தாளடி என்று நெல் வரும் காலங்களில் அங்கே பலகையோடு போய் நிற்பது முறையல்ல. கோடையில்தான் களம் காலி. அதுவும் விடியற்காலை அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. போனதும் விளக்குமாறு எடுங்கள். பதர் கிடந்தால் வீல் வழுக்கும், சின்னக் கல் கிடந்தால் கெட்டியான வீல் அப்படியே நிற்கும், நாம் மட்டும் போவோம். ஐப்பசி, கார்த்திகையில் தரை பாசி பிடித்துவிடும், பலகையும் ஈரம் குடித்துத் துள்ளலை இழக்கும். பேரிங் துருப்பிடித்தால் கவலை வேண்டாம். 608 என்று நம்பர் சொன்னால் மோட்டார் பேரிங் விற்கும் கடையிலேயே கிடைக்கும். ஆற்று மணல் பக்கம் மட்டும் பலகையைக் கொண்டுபோக வேண்டாம்.

ஹீல்ஃப்ளிப்பை எடுப்பவர்களுக்கு நான் பழகிய முறை இது. களத்தில் சிமெண்ட் பாளங்களுக்கு இடையே கோடு இருக்கும். பின் வீல்களை அதில் நிறுத்தினால் பலகை ஓடாது. முதலில் பின்காலைத் தரையில் இறக்கிவிட்டு, முன்கால் குதியால் பலகையைச் சுழற்றுவதை மட்டும் பழகுங்கள். சுழற்சி வந்ததும் முன்காலை வெளியே நீட்டிவிட்டு, பின்காலை மட்டும் பலகைமேல் இறக்குங்கள். பிறகு முன்காலை மட்டும். இரண்டும் தனித்தனியாக வந்த பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும். உதையை முன்னால் மட்டும் விடாமல், நோஸ் இருக்கும் திசைக்கும் நெஞ்சு பார்க்கும் திசைக்கும் நடுவே மூலைவாக்கில் விட வேண்டும். தோள்பட்டை பலகைக்கு இணையாகவே இருக்கட்டும். அது திறந்தால் பலகை திரும்பிவிடும். என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு திருத்தம்: டெயிலைத் தட்டும்போது எடை விரல் பக்கம் இருக்க வேண்டும், குதி பக்கம் அல்ல. குதியால் உதைக்கிறோம் என்பதற்காகக் குதியில் நிற்கக் கூடாது. அதன்பிறகுதான் பலகை முன்னால் ஓடுவது நின்றது.

நின்ற இடத்திலேயே நெடுநாள் பழக வேண்டாம். கோட்டை விட்டு மெதுவாக ஓடும் பலகைக்கு வந்துவிடுங்கள். ஓடும் பலகையில் தவறினால் நாமும் அதே வேகத்தில் நகர்வதால் இரண்டு எட்டு ஓடித் தப்பிக்கலாம். நின்ற பலகையில் அந்த வழி இல்லை.

ஒரே ஒரு இடத்தில் அத்தை மகன் கட்சிக்கு விட்டுக்கொடுக்கிறேன். ட்ரே ஃப்ளிப் எனப்படும் 360 ஃப்ளிப்பில் கண் இருந்தால் கிக்ஃப்ளிப்பிலிருந்து தொடங்குங்கள். பலகை தட்டாமாலை சுற்றிக்கொண்டே கிக்ஃப்ளிப் திசையில் புரளும் வித்தை அது. ஹீல்ஃப்ளிப் பழகிய கால் அங்கே பாதி வழியில் திணறும். “அத்தான், இதை எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?” என்று அவன் அவ்வப்போது கேட்கிறான். சூயெட் ஷூ தள்ளுபடியில் வரும்போது பார்க்கலாம் மாப்ள என்று சொல்லிவைத்திருக்கிறேன்.